டெர்மினலில் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை: சூழல் மாறிகளோடு பத்து நாள்

“அண்ணா, ராத்திரி ஓடினதெல்லாம் இங்கிலீஷா வந்திருக்கு.”

காலை எட்டரைக்கு வந்த ஃபோன். கும்பகோணத்தில் ஒருவர் வீட்டு மாடியில் பழைய தமிழ் மாத இதழ்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்யும் பெண் பகலில் பக்கங்களைப் படமாக எடுத்துப் போடுவார். இரவு 11 மணிக்கு, அதே அறையின் மூலையில் இருக்கும் உபுண்டு 22.04 சர்வர் அந்தப் படங்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்து, படித்து எடுத்த எழுத்துகளைக் கோப்பாக வைக்கும். அன்றைக்குத்தான் முதல் இரவு ஓட்டம். 186 பக்கம்.

“இங்கிலீஷான்னா எப்படிம்மா?”

“எழுத்துதான் இங்கிலீஷ். வார்த்தையே இல்லண்ணா. ஆறு, டி, எல், கமா, மறுபடி ஆறு... பக்கம் பூரா இப்படியே இருக்கு.”

முந்தின நாள் மாலை, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் அதே ஸ்கிரிப்டை நானே ஓட்டிப் பார்த்திருந்தேன். பத்துப் பக்கம் ஓட்டினேன், பத்தும் நல்ல தமிழ். ஸ்கிரிப்ட் மாறவில்லை, படங்கள் மாறவில்லை, பயனர் கணக்கும் அதேதான். கையால் ஓட்டினால் தமிழ் வருகிறது, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் க்ரான் ஓட்டினால் குப்பை வருகிறது. லினக்ஸில் இந்த மாதிரி வித்தியாசம் தென்பட்டால் நான் முதலில் பார்ப்பது சூழல் மாறிகளை. ஒரு நிரல் ஓடும்போது அதற்குப் பெயரும் மதிப்புமாகக் கொடுத்து அனுப்பும் அமைப்புகள் அவை; என்விரான்மென்ட் வேரியபிள் என்று நாம் அன்றாடம் சொல்வது அதைத்தான்.

டெசராக்டுக்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பயிற்சித் தரவுக் கோப்பு வேண்டும். உபுண்டுவின் பொதியில் வருவது வேகத்துக்காகச் சுருக்கிய வகை. அதைவிடப் பெரிய, மெதுவாக ஓடும் ‘பெஸ்ட்’ வகைத் தரவும் தனியாகக் கிடைக்கிறது. எங்கள் இதழ்களின் அச்சு தேய்ந்தது. ண-வும் ன-வும் குழம்பும், துணைக்கால் ர-வாகத் தெரியும். இரண்டையும் ஓட்டிப் பார்த்து, இந்தத் தாள்களுக்குப் பெஸ்ட்தான் சரி என்று முடிவு செய்தேன். அதை /எஸ்ஆர்வி/டெஸ்டேட்டா என்ற தனி அடைவில் வைத்தேன். டெசராக்ட் அங்கே போய்த் தேட வேண்டுமென்றால் ‘டெஸ்டேட்டா_ப்ரீஃபிக்ஸ்’ என்ற சூழல் மாறியில் அந்த முகவரியைக் கொடுக்க வேண்டும்.

இதில் ஒரு பழைய கண்ணி இருக்கிறது. மூன்றாம் பதிப்பு வரை அந்த மாறியில் டெஸ்டேட்டா அடைவின் தாய் அடைவைக் கொடுக்க வேண்டும். 2018-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து அந்த அடைவையே கொடுக்க வேண்டும். பழைய குறிப்புகளைப் பார்த்துச் செய்தால் தடுக்கி விழுவோம். இன்னொன்று, தனி அடைவுக்கு மாறும்போது மொழித் தரவை மட்டும் எடுத்து வைத்தால் போதாது. பிடிஎஃப் கேட்டபோது, பிடிஎஃப் என்ற அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று டெசராக்ட் சொன்னது, பிடிஎஃப் வரவில்லை. பழைய அடைவில் இருந்த ‘கான்ஃபிக்ஸ்’ உள்ளடைவையும், பிடிஎஃப் பெயரிலேயே இருக்கும் எழுத்துருக் கோப்பையும் சேர்த்து நகலெடுத்த பிறகுதான் வேலை நடந்தது.

சரி, மாறியை எங்கே எழுதியிருந்தேன்? என் வீட்டு அடைவில் இருக்கும் .பாஷ்ஆர்சி கோப்பில், எக்ஸ்போர்ட் போட்டு ஒரு வரி. பெரும்பாலும் எல்லோரும் முதலில் எழுதும் இடம் அதுதான். நான் டெர்மினலைத் திறக்கும்போது, என் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷ் அதைப் படிக்கிறது. க்ரான் என் டெர்மினலைத் திறப்பதில்லை. ஒரு எளிய ஷெல்லை எழுப்பி வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறது. அந்த ஷெல்லுக்கு .பாஷ்ஆர்சி என்று ஒன்று இருப்பதே தெரியாது. மாறி இல்லாததால் டெசராக்ட் தன் வழக்கமான அடைவில் தேடியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்த பொதியின் தமிழ்த் தரவு அப்போது அங்கே இல்லை, ஆங்கிலத் தரவு இருந்தது. தமிழும் ஆங்கிலமும் சேர்த்துக் கேட்டிருந்தேன். ஒரு மொழி கிடைக்காவிட்டால் லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, கிடைத்த மொழியை வைத்து அது தொடரும். 186 தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலமாகவே படித்து முடித்திருந்தது. கோப்புகள் காலியாக இருந்திருந்தால் ஸ்கிரிப்டே கண்டுபிடித்திருக்கும். நிறைய எழுத்து இருந்ததால் எல்லாம் சரி என்று லாகில் பதிவாகியிருந்தது.

க்ரானுக்குள் என்ன இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும்படி க்ரானின் வேலைப் பட்டியலான க்ரான்டேப்பில் ஒரு வரி சேர்த்து, சூழல் மாறிகளை வரிசையாகக் காட்டும் ‘என்வ்’ கட்டளையின் வெளியீட்டை ஒரு தற்காலிகக் கோப்பில் விழச் செய்தேன். என் டெர்மினலில் என்வ் கொடுத்தால் திரை நிறைந்து வழியும். க்ரானிலிருந்து வந்தது ஆறே வரி: வீட்டு அடைவு, பயனர் பெயர், பாத், மொழி, ஷெல், நடப்பு அடைவு. பாத் என்பது கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல்; அதில் /யுஎஸ்ஆர்/பின், /பின் என்று இரண்டு இடம் மட்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். சூழல் மாறி என்பது கணினியில் எங்கோ ஓரிடத்தில் பொதுவாக எழுதி வைத்திருக்கும் பட்டியல் இல்லை. ஒவ்வொரு ப்ராசஸும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலும், தன் மடியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது இன்னொரு ப்ராசஸைப் பெற்றெடுக்கும்போது அந்தப் பட்டியலின் நகலைக் கொடுத்து அனுப்புகிறது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் தொடங்கிய ஏற்பாடு, இன்றும் அப்படியே இருக்கிறது. பிள்ளை தன் நகலில் என்ன திருத்தினாலும் தாய்க்குப் போகாது. தாய் பிற்பாடு திருத்தினாலும், ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைக்கு வந்து சேராது. ஆகவே ஒரு நிரலுக்கு ஒரு மாறி கிடைக்கவில்லை என்றால், ‘எந்தக் கோப்பில் எழுதுவது’ என்று தேடுவதற்கு முன் ‘இதைப் பெற்றது யார், அந்தத் தாய் எதைப் படித்துவிட்டு வந்தாள்’ என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தால் பத்து நாள் வேலை இரண்டு நாளில் முடிந்திருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸின் பட்டியலையும் பார்க்க முடியும். /ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணில் ஓர் உள்ளடைவு, அதற்குள் ‘என்விரான்’ என்று ஒரு கோப்பு. அப்படியே கேட் கொடுத்தால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வரியாக வரும், ஏனென்றால் நடுவில் இருப்பது சுழியக் குறி. டிஆர் கட்டளையால் அந்தக் குறியைப் புது வரியாக மாற்றினால் அழகாகப் படிக்கலாம். அங்கே தெரிவது அந்த ப்ராசஸ் பிறந்தபோது வாங்கி வந்த பட்டியல் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இந்தப் பத்து நாளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது இந்தக் கோப்புதான்.

இரண்டாவது முயற்சி, /எட்ஸி/ப்ரொஃபைல்.டி அடைவு. ‘கணினி முழுமைக்கும்’ என்று தேடினால் அதிகம் பேர் காட்டும் இடம். அங்கே .எஸ்ஹெச் என்று முடியும் கோப்பு ஒன்றை வைத்தேன். அந்த முடிவு இல்லையென்றால் அது படிக்கப்படாது. ஆனால் இயக்கும் அனுமதி தேவையில்லை, படிக்கும் அனுமதி போதும். வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். மாறி இருந்தது. ஸ்கேன் செய்யும் பெண்ணின் கணக்கிலும் இருந்தது. க்ரானின் ஆறு வரி ஆறாகவே இருந்தது.

காரணம் எளிது. ப்ரொஃபைல்.டி கோப்புகளைப் படிப்பது, ஆள் கணினிக்குள் நுழையும்போது எழும் லாகின் ஷெல் மட்டும்தான். க்ரான் எழுப்புவது லாகின் ஷெல் இல்லை. என் மடிக்கணினியிலிருந்து, உள்ளே நுழையாமல், எஸ்எஸ்ஹெச் கட்டளையின் வாலிலேயே என்வ் என்று எழுதி அனுப்பிப் பார்த்தேன். அதிலும் மாறி இல்லை. அப்படி அனுப்பினால் சர்வரில் லாகின் ஷெல் எழுவதில்லை. உபுண்டுவின் .பாஷ்ஆர்சியும், ஆள் உட்கார்ந்து தட்டவில்லை என்று தெரிந்தால் முதல் சில வரிகளிலேயே திரும்பிப் போய்விடும்.

அன்று டிமக்ஸும் அரை மணி நேரத்தைத் தின்றது. இணைப்பு அறுந்தாலும் டெர்மினல்களை ஓடவிட்டு வைக்கும் நிரல் அது. வெளியேறி உள்ளே வந்த பிறகும், டிமக்ஸுக்குள் முன்பே திறந்திருந்த விண்டோக்களில் மாறி இல்லை. டிமக்ஸ் சர்வர் மூன்று நாளாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த விண்டோக்களின் ஷெல்கள் நான் மாறியை எழுதும் முன்பே பிறந்தவை. முழுவதும் மூடித் திறந்த பிறகு சரியானது.

மூன்றாவது இடம் /எட்ஸி/என்விரான்மென்ட். இது ஷெல் படிக்கும் கோப்பு இல்லை. லாகின் நேரத்தில் ஆளைச் சரிபார்க்கும் பாம் என்ற அடுக்கில் ‘பாம்_என்வ்’ என்று ஒரு பாகம் இருக்கிறது. அது படிக்கும் கோப்பு. எஸ்எஸ்ஹெச் பாம் வழியாக வருகிறது. டெபியன், உபுண்டு இரண்டிலும் க்ரானும் பாம் வழியாக வருகிறது. நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்டும் சூடோவின் பாம் கோப்பிலும் உபுண்டுவில் இதற்கான வரி இருக்கிறது. அதாவது இந்த மூன்று தாய்மாரும் படிக்கும் ஒரே கோப்பு இது. டெஸ்டேட்டா_ப்ரீஃபிக்ஸ் வரியை இங்கே எழுதினேன். எக்ஸ்போர்ட் வேண்டாம், பெயர், சமக்குறி, மதிப்பு, அவ்வளவுதான். அடுத்த நிமிடமே க்ரானில் ஏழாவது வரி வந்தது. ஒவ்வொரு வேலைக்கும் பாம் புதிதாகப் படிப்பதால் க்ரானை மறுதொடக்கம் செய்யவும் தேவைப்படவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கோப்பைத் திறந்த கையோடு, /ஆப்ட்/ஓசிஆர்/பின் அடைவில் இருக்கும் எங்கள் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகளையும் பாத்தில் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன். உபுண்டு அந்தக் கோப்பில் முன்பே வைத்திருக்கும் ஒரே வரி பாத் வரிதான், ஒன்பது அடைவுகள் கொண்ட நீள வரி. அதை அழித்துவிட்டு, .பாஷ்ஆர்சியில் எழுதிப் பழகிய கைப்பழக்கத்தில் இப்படி எழுதினேன்:

பாத்="$பாத்:/ஆப்ட்/ஓசிஆர்/பின்"

சேமித்தேன், வெளியேறினேன், மறுபடி உள்ளே வந்தேன். வரவேற்புச் செய்திக்குக் கீழே, நான் எதையும் தட்டும் முன்பே இரண்டு மூன்று பிழை வரிகள் வந்து விழுந்தன. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் என்ற கட்டளையைத் தட்டினேன். எல்எஸ் கட்டளை /பின் அடைவில் இருக்கிறது, ஆனால் அந்த அடைவு உங்கள் பாத்தில் இல்லை என்று உபுண்டு பதில் சொன்னது. கோப்பைத் திருத்தும் நானோ, விஐ, பிறகு சூடோ, எல்லாவற்றுக்கும் இதே பதில். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் சர்வர். உள்ளே இருக்கிறேன், கைகள் மட்டும் இல்லை என்பது போல் இருந்தது.

எக்கோ ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை, அதைத் தேடிப் போக பாத் தேவையில்லை. பாத்தின் மதிப்பை எக்கோவிடம் கேட்டேன். திரையில் வந்தது:

$பாத்:/ஆப்ட்/ஓசிஆர்/பின்:/ஸ்னாப்/பின்

டாலர் குறி அப்படியே எழுத்தாக நிற்கிறது. பாம்_என்வ் இந்தக் கோப்பில் டாலரை விரிப்பதில்லை. ஷெல்லுக்குத்தான் அது ‘பழைய மதிப்பைக் கொண்டுவா’ என்று பொருள்படும்; பாமுக்கு வெறும் எழுத்து. கடைசியில் ஒட்டியிருந்த ஸ்னாப் அடைவு, ப்ரொஃபைல்.டியில் இருக்கும் உபுண்டுவின் சொந்த ஸ்கிரிப்ட் பிறகு சேர்த்தது.

மீட்பது கடினமாக இல்லை, பதற்றம்தான் அதிகம். எக்ஸ்போர்ட்டும் ஷெல்லின் உள்கட்டளைதான். அந்த ஓர் அமர்வுக்கு மட்டும் பாத்தைக் கையால் கொடுத்தேன்: /யுஎஸ்ஆர்/எஸ்பின், /யுஎஸ்ஆர்/பின், /எஸ்பின், /பின். உடனே எல்எஸ் வந்தது. அப்புறம் சூடோவையும் நானோவையும் முழு முகவரியோடு எழுதி, கோப்பைத் திறந்து, ஒன்பது அடைவுகளையும் திரும்ப எழுதினேன். இன்னொரு உபுண்டு கணினியின் கோப்பைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். அந்த இரவு க்ரான் வேலை எந்தத் தடையும் இல்லாமல் ஓடியிருக்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது: க்ரான் தன் பாத்தைத் தானே வைத்துக்கொள்கிறது, பாம் கொடுக்கும் பாத் அதன் மேல் ஏறாது. அதனால்தான் /எட்ஸி/என்விரான்மென்ட்டில் பாத்தைச் சரியாகவே எழுதினாலும் க்ரானுக்குப் பயன் இல்லை. க்ரான்டேப்பின் தலைப்பில் பாத் வரி தனியாக வேண்டும், அங்கேயும் டாலர் விரியாது. நான் அந்த வழியையே விட்டுவிட்டு, ஸ்கிரிப்டில் எல்லாக் கட்டளைக்கும் முழு முகவரி எழுதினேன்.

அன்றிலிருந்து இந்தக் கோப்பைத் தொடும் போதெல்லாம் இரண்டு டெர்மினல் திறந்து வைக்கிறேன். ஒன்றில் திருத்துவேன். அதை மூடாமல், இன்னொன்றில் புதிதாக லாகின் செய்து பார்ப்பேன். புதியது சரியாக வந்தால்தான் பழையதை மூடுவேன். வேறு ஊரில் இருக்கும் சர்வர் என்றால் இது கட்டாயம்.

நான்காவது வாசல், சர்வீஸ்களை எழுப்பி நடத்தும் சிஸ்டம்டி. ஒரு பக்கத்தை உடனே படித்துக் காட்டச் சொன்னால் செய்யும் சின்னப் பைத்தான் சர்வீஸ் ஒன்றும் அந்தச் சர்வரில் இருக்கிறது. இரவு ஓட்டம் சரியான பிறகும் இது மட்டும் தமிழைப் பார்த்து ஆங்கிலக் குப்பையைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. சர்வீஸின் தாய் ப்ராசஸ் எண் 1, அதாவது சிஸ்டம்டி. அது லாகின் செய்து வந்ததில்லை, பாம் வழியே போகவில்லை, /எட்ஸி/என்விரான்மென்ட்டைப் படிக்கவில்லை. படிக்கச் சொல்ல வேண்டியது நாம்.

சிஸ்டம்சிடிஎல் எடிட் என்று சர்வீஸ் பெயரோடு கொடுத்தால் மேலொட்டுக் கோப்பு ஒன்று திறக்கும். மூலக் கோப்பைத் தொட வேண்டாம், பொதி மேம்படும்போதும் நம் திருத்தம் தப்பிக்கும். அதில் சர்வீஸ் என்ற தலைப்பின் கீழ், என்விரான்மென்ட் என்று தொடங்கி மாறியையும் மதிப்பையும் எழுதலாம். இங்கேயும் டாலர் விரியாது. அதோடு சதவீதக் குறிக்கு சிஸ்டம்டியில் தனிப் பொருள் உண்டு. மதிப்பில் அந்தக் குறி வந்தால் இரண்டு முறை எழுத வேண்டும். சேமித்த பிறகு சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும், ஏற்கெனவே பிறந்த ப்ராசஸுக்குப் புதுப் பட்டியல் போகாது. பிறகு அதன் எண்ணை எடுத்து /ப்ராக் அடைவில் பார்த்தேன், மாறி இருந்தது.

எல்லாச் சர்வீஸ்களுக்கும் ஒரே அடியாகக் கொடுக்க /எட்ஸி/சிஸ்டம்டி அடைவின் சிஸ்டம்.கான்ஃப் கோப்பில் ‘டிஃபால்ட்என்விரான்மென்ட்’ என்று ஓர் அமைப்பு உண்டு. நான் அதைத் தொடவில்லை. ஒரு சர்வீஸுக்குத் தேவையானதை இருக்கிற எல்லாச் சர்வீஸுக்கும் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பாஸ்வேர்டு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். என்விரான்மென்ட் வரியில் எழுதியதை அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் சிஸ்டம்சிடிஎல் ஷோ கொடுத்துப் படித்துவிடலாம்.

அப்படியே ஒரு வாரம் ஓடியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அடுத்த ஃபோன் வந்தது.

“அண்ணா, இந்த இதழ்ல நடுநடுவுல சமஸ்கிருத ஸ்லோகம் வருது, நாகரி எழுத்துல. சமஸ்கிருதப் பொதி போட்டேன், நல்லா இன்ஸ்டால் ஆச்சு. ஆனா டெசராக்ட் அந்த மொழியே இல்லைங்குது.”

“எப்படிப் போட்டே?”

“நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரிதான். ஏபிடி இன்ஸ்டால்.”

அவர் செய்தது முழுக்கச் சரி. பொதி தன் தரவை வழக்கமான அடைவில் வைத்திருக்கிறது. நான் கணினி முழுமைக்கும் போட்ட மாறி, எல்லோரையும் /எஸ்ஆர்விக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அங்கே சமஸ்கிருதம் இல்லை. ஏபிடி வழியாக எந்த மொழியைச் சேர்த்தாலும் இந்தச் சர்வரில் யாருக்கும் கிடைக்காதபடி நான் செய்து வைத்திருக்கிறேன், அதுவும் ஒருவருக்கும் தெரியாமல். அவர் ஒரு மணி நேரம் பொதியை நீக்கி, மறுபடி போட்டு, தன்மேல் தவறு என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்தத் தரவை /எஸ்ஆர்விக்கு நகலெடுத்து அன்றைய வேலையை முடித்தோம், ஆனால் ஏற்பாட்டையே மாற்ற வேண்டும் என்று புரிந்தது.

கணினி முழுமைக்கும் போட வேண்டியவை உண்மையில் மிகக் குறைவு. நேர மண்டலம், மொழி அமைப்பு, நிறுவன நெட்வொர்க்கில் இருந்தால் ப்ராக்ஸி முகவரி. இவை எல்லா நிரலுக்கும் ஒரே பொருள் தருபவை. ப்ராக்ஸியில்கூட எச்சரிக்கை வேண்டும்: இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கர்ல் கட்டளை, ஹெச்டிடிபி_ப்ராக்ஸி என்ற பெயரைச் சிறிய எழுத்தில் எழுதினால் மட்டுமே ஏற்கும். பெரிய எழுத்தில் அதே பெயரை, வெப் சர்வர் வழியாக வெளியாள் யாரோ நுழைத்துவிட முடியும் என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு வேலைக்கு மட்டும் உரிய மாறியை அந்த வேலையோடு வைப்பதே முறை.

இப்போதைய அமைப்பு இது. /எட்ஸி/டிஃபால்ட் அடைவில் ஓசிஆர் என்று ஒரு கோப்பு. பெயர், சமக்குறி, மதிப்பு. எக்ஸ்போர்ட் இல்லை, டாலர் இல்லை, சமக்குறியின் பக்கத்தில் இடைவெளி இல்லை. இப்படி எழுதினால் ஷெல்லும் சிஸ்டம்டியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும். சர்வீஸின் மேலொட்டுக் கோப்பில் பழைய வரியை நீக்கிவிட்டு, ‘என்விரான்மென்ட்ஃபைல்’ என்று இந்தக் கோப்பின் முகவரியைக் கொடுத்தேன். இரவு ஸ்கிரிப்டின் தலையில் மூன்று வரி: ‘செட் -ஏ’, புள்ளி போட்டு இந்தக் கோப்பின் பெயர், ‘செட் +ஏ’. நடுவில் படிக்கும் எல்லா மாறிகளையும் ஷெல் தானாகவே எக்ஸ்போர்ட் செய்துவிடும். /எட்ஸி/என்விரான்மென்ட் தன் பழைய ஒற்றை வரிக்குத் திரும்பிவிட்டது. ப்ரொஃபைல்.டியில் வைத்ததையும் .பாஷ்ஆர்சி வரியையும் நீக்கிவிட்டேன். இப்போது யார் டெர்மினலில் வெறுமனே டெசராக்ட் என்று தட்டினாலும் உபுண்டு பொதியின் மொழிகள் கிடைக்கும். எங்கள் ஸ்கிரிப்டுகள் மட்டும் /எஸ்ஆர்விக்குப் போகும்.

அந்தக் கோப்பில் இரண்டாவது மாறி ஒன்றும் சேர்ந்தது: ஓஎம்பி_த்ரெட்_லிமிட், மதிப்பு 1. டெசராக்ட் ஒரு பக்கத்துக்கே நான்கு த்ரெட் வரை, அதாவது ஒரே நேரத்தில் ஓடும் நான்கு இழைகள் வரை, எடுத்துக்கொள்ளும். நாங்கள் நான்கு கோர் உள்ள கணினியில் நான்கு பக்கத்தை ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம். நான்கும் நான்கு நான்காகப் பிரிந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருந்தன. இந்த மாறியை வைத்த பிறகு ஓட்டம் தெளிவாகவே சீக்கிரம் முடிகிறது. இதையே கணினி முழுமைக்கும் போட்டிருந்தால், வேலையைப் பல த்ரெட்டாகப் பிரிக்க ஓப்பன்எம்பி பயன்படுத்தும் வேறு எல்லா நிரல்களும் ஒற்றைக் காலில் நடந்திருக்கும்.

கடைசி வேலையாக, ஸ்கிரிப்டை வெற்றுச் சூழலில் சோதித்தேன். ‘என்வ் -ஐ’ என்று முன்னால் போட்டால், எதையும் கொடுக்காமல் காலிப் பட்டியலோடு நிரலை எழுப்பும். க்ரானுக்காகக் காத்திருக்காமல் இப்போதே பார்த்துவிடலாம், க்ரானைவிடக் கடுமையான சோதனையும்கூட. தமிழ் சரியாக வந்தது. ஆனால் வெற்றுப் பக்கம் என்று ஒதுக்க வேண்டிய சில பக்கங்கள் ஒதுங்காமல் நின்றன. நாற்பது எழுத்துக்குக் குறைவாக இருந்தால் வெற்றுப் பக்கம் என்று ‘டபிள்யூசி -எம்’ வைத்து எண்ணும் ஏற்பாடு அது. ‘தமிழ்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். என் டெர்மினலில் 5 என்றது: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வெற்றுச் சூழலில் 15 என்றது. மொழி மாறி இல்லாததால் எழுத்து என்றால் என்னவென்று அதற்குத் தெரியவில்லை, பைட்டுகளை எண்ணியிருக்கிறது. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். இருபது எழுத்துள்ள பக்கம் அறுபதாகத் தெரிந்து தப்பித்துவிட்டது. எல்சி_ஆல் என்ற மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று மதிப்புக் கொடுத்து அதையும் ஓசிஆர் கோப்பிலேயே எழுதினேன். உபுண்டுவில் இந்த மொழி அமைப்பு எப்போதும் தயாராக இருக்கிறது, தனியாக உருவாக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் கையாளும் ஒருவர் இந்தக் கோளாறைச் சந்திக்கவே மாட்டார், ஏனென்றால் அங்கே எழுத்தும் பைட்டும் ஒரே எண்ணிக்கைதான். தமிழில் வேலை செய்பவர்கள் ஸ்கிரிப்டின் தலையிலேயே இதை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முதல் நாளின் 186 பக்கத்தையும் மறுபடி ஓட்டினோம். ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் என்வ் வெளியீட்டை அகரவரிசையில் லாகில் எழுதும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அந்தக் கோப்பில் ரகசியம் எதுவும் இல்லாததால் செய்ய முடிந்தது. மறுநாள் காலை ஃபோன் வரவில்லை, செய்திதான் வந்தது. ஒரு பக்கத்தின் படமும், அதன் எழுத்துக் கோப்பும். நடுவில் இரண்டு வரி நாகரி எழுத்து, மேலும் கீழும் தமிழ். “ஸ்லோகம் வந்திருச்சுண்ணா. ரெண்டாவது வரியில ஒரு எழுத்து மட்டும் தப்பு, கையால திருத்திட்டேன்” என்று எழுதியிருந்தார். அலமாரியில் இன்னும் இரண்டு தட்டு பாக்கி இருக்கிறது.